ஐம்பத்திரண்டு முதல் நூற்று நாற்பது வரை

தன் பேர் அச்சில் வந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் யாரும் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. நேராகப் பின்பக்கம் புரட்டி, இண்டெக்ஸில் தன் பேரைக் கண்டுபிடித்து, பங்காளி பேரைவிடத் தனக்கு ஜாஸ்தியா கம்மியா என்று பார்த்த பிறகுதான் மூச்சே விடுவார்கள். இந்தப் பெரிய உண்மை எனக்குத் திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டப வாசலில், முதுகோடு சட்டை ஒட்டிக்கொண்டு கிடந்த நேரத்தில் தெரிய வந்தது. கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்கலாம். எங்கே!

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். (சென்டர் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் வெளியே வந்து உட்கார ஒரு பெஞ்சு.) எம்.ஏ. படிப்புக்கான ஆய்வேட்டை டைப் அடிக்க வந்தவள்தான் தேன்மொழி. ஆய்வேடு முடிவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். அவள் அப்பா வேங்கிக்காலில் வீடு கட்டியிருந்த ரிட்டயர்டு சூப்பிரண்டு. கலெக்டர் ஆபீஸில் ஃபைல்களோடு வாழ்ந்தவர். தூரத்துச் சொந்தம் என்பதால் என்னை உடனே துரத்தாமல், "நம்ம குடும்ப வரலாறு எழுதி வெச்சிருக்கேன். என் அறுபதாம் கல்யாணத்துல வெளியிடணும். நீயே அதை ஒழுங்கா முடிச்சிக் குடு சேகரு, அன்னிக்கு எங்க அக்காவும் வரும். அது உன்னப் பாத்து சரின்னு சொன்னா சரி" என்றார்.

அந்த அக்காவைக் கேட்காமல் அவர் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்க மாட்டார். அடி அண்ணாமலையில் இருக்கும் கன்னியம்மாள் அத்தை. ஆக, என் கல்யாணம் அத்தையின் ஒரு தலையாட்டலில் தொங்கியது.

சூப்பிரண்டு எழுதிய வரலாற்றுக்கு இண்டெக்ஸ் வேண்டும் என்றார். வெறும் பேர் போதாதாம். ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் பிறப்பு, திருமணம், வியாதி, வழக்கு என்று தலைப்புப் பிரித்து அவரே எழுதிக் கொடுத்தார். (மனுஷன் சொந்தக்காரர்களையும் ஃபைல் மாதிரிதான் பார்த்தார்.) இதற்கென்று ஒரு மென்பொருள் சி.டி.யில் கிடைத்தது. தமிழ் எழுத்தை அது 'அ'வுக்கு அப்புறம் 'ஆ' என்று அடுக்குமா, அல்லது 'அ'வுக்கு அப்புறம் 'ழ' என்று குளறுபடி பண்ணுமா என்று எனக்கு ஒரே திகில். கண் வலிக்க வலிக்க வரிசை பார்த்தேன். சூப்பிரண்டும் பார்த்தார். ஒரு பிழை இல்லை. தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

அங்கே நிறுத்தியிருந்தால் நான் மனுஷன்.

அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். கடைசிப் பாரத்தில் மிச்சமிருந்த இடத்தைவிட என் இண்டெக்ஸ் மூன்று பக்கம் நீண்டுவிட்டது. "சுருக்கிக் குடுப்பா. இதுக்காகப் புதுசா ஒரு பாரம் போட்டா உங்க விசேஷ நாளுக்குப் புக்கு வராது" என்று அச்சகக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மென்பொருளைக் குடைந்தேன். பக்க எண்களை இணைக்கும் இடத்தில் ஒரு கட்டம் இருந்தது. நடுவில் எத்தனை பக்கம் வரை விட்டுப்போனால் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று கேட்கிறது. அதில் 1 என்று இருந்தது. அதை நான் முழுசாகப் படித்தேனா? துரைக்கு நேரமேது. 5 என்று போட்டேன், இண்டெக்ஸ் கொஞ்சம் குறைந்தது. 20 போட்டேன், இன்னும் குறைந்தது. அட, இவ்வளவுதானா என்று 100 போட்டேன். கச்சிதமாகப் பாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டது! எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். சூப்பிரண்டுக்கு மறுபடி காட்டாமலே அச்சுக்கு அனுப்பினேன்.

விசேஷத்தன்று காலையில் புத்தகக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போகிறேன். வழியில் ஒரு பிரதியை எடுத்து, எல்லாரையும் போலப் பின்பக்கம் புரட்டினேன். "சின்னையன் தாத்தா: வயிற்றுப்போக்கு, 23–119."

ஒருகணம் ஒன்றும் புரியவில்லை. தாத்தாவுக்குக் காசி போனபோது ஒரு தடவை, யாரோ வீட்டுக் கல்யாணத்தில் பலாப்பழம் தின்று ஒரு தடவை, ஆக ரெண்டே தடவைதான் வயிறு கெட்டது. 23, 119 என்று கமா வர வேண்டிய இடத்தில் கோடு விழுந்திருந்தது. நான் நடுவில் இருந்த அத்தனை பக்கத்துக்கும் அவரைக் கொல்லைப்புறத்திலேயே உட்கார வைத்திருந்தேன். அடுத்த பக்கம் புரட்டினேன். சூப்பிரண்டு ஆபீஸில் மெமோ வாங்கியது, 101–166. ஐயோ. அப்புறம், "கன்னியம்மாள்: கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்தது, 52–140."

ஆட்டோவைத் திருப்பி ஏதாவது ஊருக்கு ஓடிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

மண்டபத்தில் பட்டு வேட்டியோடு வந்த சூப்பிரண்டு, "இன்னா, மூஞ்சி வெளிறிக் கெடக்குது?" என்றார்.

"சார், புக்கு இன்னும் காயலைங்க. மை ஒட்டும். நாளைக்குக் குடுத்துடலாங்களா?"

"போன வாரம் அடிச்ச புக்கு இன்னுமா காயலை? நெல்லா அது, வெயில்ல போட்டு எடுக்க? வர்றவங்க கையில சந்தனத்தோட சேத்துக் குடு."

தேன்மொழியை ஓரமாக இழுத்துப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அடப்பாவி!" என்றாள். அப்புறம், "மத்தவங்க கெடக்கறாங்க. அத்தை கையில மட்டும் இது போவக் கூடாது" என்றாள். சரி என்று இரண்டு பேரும் வாசலில் காவல் நின்றோம். வந்தவர்கள் எல்லாரும் புத்தகத்தை வாங்கிய கையோடு பின்பக்கம் புரட்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அத்தை வந்தாள். கூடவே அவள் கணவர் ஏகாம்பரம் மாமா. வாயில் வெற்றிலை, பேச்சே கிடையாது. நான் சந்தனம் கொடுத்தேன், கல்கண்டு கொடுத்தேன், குனிந்து கும்பிட்டேன். "இந்தப் பையன்தானா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்த அத்தை, "புக்கு எங்க?" என்றாள். நான் திருதிருவென்று விழிப்பதற்குள் சூப்பிரண்டே ஒரு பிரதியை எடுத்து அக்கா கையில் பெருமையாக வைத்தார்.

"கண்ணாடி கொண்டாரலை. தேனு, என் பேரு எங்க வருதுனு படி."

தேன்மொழி தொண்டையைச் செருமினாள். "கன்னியம்மாள்… பிறப்பு, 19. திருமணம், 47. தாய்வீடு வந்தது… 52." அவ்வளவுதான் என்பதுபோல் புத்தகத்தை மூடப்போனாள். (அந்த நிமிஷம் அவளை இன்னும் ஒருமுறை காதலித்தேன்.)

"இரு இரு. அப்பறம் ஒரு கோடு போட்டு என்னமோ இருக்குதே. எழுத்து தெரியலைனாலும் கோடு தெரியுது எனக்கு. அதுக்கு இன்னா அர்த்தம்?"

சூப்பிரண்டு எட்டிப் பார்த்தார். ஆயுசில் பொய் ஃபைல் எழுதாத மனுஷன். "ஐம்பத்திரண்டாம் பக்கத்துலேர்ந்து நூத்தி நாப்பது வரைக்கும்னு அர்த்தம்கா" என்றார், சொல்லிக்கொண்டே முகம் கறுத்தபடி.

"ரெண்டே தடவ கோச்சிக்கினு வந்தேன்டா! ஒண்ணு கல்யாணம் ஆன புதுசுல, இன்னொண்ணு பேரப்பையன் காதுகுத்துக்கு. புக்கு பூரா நான் தாய்வீட்லயேவா கெடந்தேன்? எவன்டா இதப் போட்டவன்?"

மண்டபத்தில் நாதஸ்வரம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. என் கல்யாணம் அங்கேயே முடிந்துபோனது என்று நிச்சயமாக நம்பினேன். அப்போதுதான் ஏகாம்பரம் மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"பையன் சரியாத்தான் போட்டிருக்கான். நடுவுல எங்கூட்ல இருந்தப்பவும் வாயத் தொறந்தா 'எங்கம்மா வூட்ல, எங்கம்மா வூட்ல'னுதானே இருந்தா. அதையும் சேத்துட்டான்."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு, கணவரைத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ ஏறி வேங்கிக்காலுக்குத் தம்பி வீட்டுக்கே போய்விட்டாள். மூன்றாவது தடவை. என் புண்ணியம்.

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை எனக்கு. தேன்மொழியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அத்தை கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், சூப்பிரண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வாடா கம்ப்யூட்டரு. ஏன்டா அப்படிப் போட்ட?"

"எடம் பத்தலைங்க அத்தை. அதான் சேத்து…"

"எடம் பத்தலைனா என் வாழ்க்கையையா மடிச்சி வெப்ப?"

வெட்கமாக இருந்தது, தேன்மொழி போய்விட்டாளே என்று துக்கமாகவும் இருந்தது. மீசை வைத்த ஆள், அத்தை எதிரில் விசும்பி அழுதேன்.

அத்தை தம்பியிடம் திரும்பி, "பொண்ண இவனுக்கே குடுத்துடு" என்றாள்.

சூப்பிரண்டுக்கே தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, நெசமாவா?"

"நல்லவன்னு சொல்லலை. தூரத்துச் சொந்தம்னா ஒரு தடவ திட்டிட்டு வுட்டுடணும். வூட்டு மாப்பிள்ளையாயிட்டா ஆயுசு பூரா திட்டலாம்."

சொன்னபடி செய்தாள். எங்கள் கல்யாணத்தை முன்னின்று நடத்திவிட்டுத்தான் மாமாவோடு ஊர் திரும்பினாள். அந்த முகூர்த்தத்திலிருந்து இன்றைக்கு வரைக்கும் திட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்தப் பெண் பையைத் தூக்கினாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கோடா, கமாவா?" கமா என்றால் போய்விட்டு உடனே வந்துவிடுவாள். கோடு என்றால் ஓட்டல் சாப்பாடுதான்.

போன மாதம் எதற்கோ நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தேன்மொழி பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள். பரணிலிருந்து பெரிய பையை இறக்கியிருந்தாள். மெதுவாகப் பின்னால் போய் நின்று, "கோடா தேனு, கமாவா?" என்று கேட்டேன்.

"கமாதான். ஆனா கொஞ்சம் பயப்படு" என்று சொல்லிவிட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

பயந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் பார்த்தேன்.