பிரீசர் பெட்டியும் என் வானொலி உரையின் மீதிப் பாதியும்

எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் தன் குரல் ரேடியோவில் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவன் புத்தி வேலை செய்யாது. நான் இயற்பியல் முதுகலை. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மின்னோட்டம் நடத்துகிறவன். என் புத்தி வேலை செய்யாமல் போன நாளில் என் மாமனார் பிரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார். இதைச் சிரிப்பாகச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்கள். நான் ஒருவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்.

மாமா சேரன்மகாதேவிக்காரர். கொஞ்சம் வயல், நிறையக் கோபம். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு எங்கள் பக்கத்து மத்திய அலை வானொலி நிலையத்துக்குப் போய்விடும். டவுன் பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கிற நிலையம். அது அவர் வீட்டில் எடுக்காது. பொழுது சாய்ந்ததும் அதே இடத்தில் மலையாளத்தில் ஒருவர் செய்தி வாசிப்பார். சில நாள் சீன மொழியில் ஒரு பெண் கணீரென்று பாடுவாள்.

"சீனாக்காரி அங்கன இருந்து இங்கன வந்து பாடுதா. பக்கத்துல இருக்கவனுக்கு நம்ம ஊருக்கு வழி தெரியல" என்பார் மாமா.

பகலில் எடுக்கும். அதற்கும் வீட்டில் ஒரே ஓர் இடம்தான் உண்டு, முன்கூடத்துச் சன்னல். ரேடியோவைச் சன்னல் கட்டையில் வைத்து, முதுகை இரும்புக் கம்பியில் சாய்த்து, முகத்தை ஆற்றுப் பக்கம் பைய திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் டியூப்லைட், ஸ்டெபிலைசர், மிக்சி எதுவும் ஓடக்கூடாது. ஓடினால் கர்ரென்று இரைச்சல்தான் கேட்கும். அதனால் மாமா ரேடியோ கேட்கிற நேரத்தில் அத்தை சட்னி அரைக்க மாட்டார் (அரைத்தால் நிலையத்தின் மேல் உள்ள கோபம் சட்னியின் மேல் இறங்கும்).

இவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும் அவருக்கு வேண்டியது வராது. பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு, எப்போது திறப்பார்கள் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். முன்பெல்லாம் காலையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த நேரத்தில் வெளியூர் நிலையத்து நிகழ்ச்சி எதையோ வாங்கிப் போட ஆரம்பித்தார்கள். ஒரு மழைக்காலத்தில் வயலுக்குள் வெள்ளம் வந்துகொண்டிருந்தபோது மாமா என்னைப் போனில் கூப்பிட்டு, "ஆத்துல தண்ணி ஏறுது மாப்ள. அவன் வீணை வாசிச்சுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு, ரேடியோவைப் போன் பக்கத்தில் வைத்து எனக்கும் வீணையைக் கேட்கவைத்தார்.

இப்படிப்பட்ட நிலையத்தில்தான் 'வீட்டில் மின் சிக்கனம்' என்ற என் உரை பதிவானது. என்னைவிட மாமாவுக்குச் சந்தோஷம். மருமகன் உள்ளே நுழைந்துவிட்டான், இனி அணை நிலவரம் திரும்ப வந்துவிடும் என்று ஊர் முழுக்கச் சொன்னார். உரை தள்ளிக்கொண்டே போனது. முதலில் கொடுத்த தேதியில் கிரிக்கெட் வர்ணனை. அடுத்த தேதியில் யாரோ ஒரு தலைவர் இறந்ததால் சோக இசை. அதற்கடுத்த தேதியில் காரணமே சொல்லவில்லை. அந்தக் கிரிக்கெட்டைக்கூட மாமா கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

"உமக்குப் பதிலா எவனோ மட்டை அடிச்சுக்கிட்டு இருக்கான். பரவாயில்ல, உம்ம பேச்சக் கேக்காம நான் கண்ண மூட மாட்டேன்" என்றார்.

நாலாவதாகக் கொடுத்த தேதி சித்திரை மாதத்தில், மத்தியான ஒலிபரப்பில். அன்று விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாமா அப்படியே போய்விட்டார்.

மாமாவுக்கு என் மனைவி செல்வியும் அவள் தம்பி கணேசனும்தான் பிள்ளைகள். கணேசனுக்கு மஸ்கட்டில் வேலை. சாயங்காலம் விமானம் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, மறுநாள் காலையில்தான் வீடு வந்து சேர முடியும். அதுவரை உடலை வைத்திருக்கத்தான் பெட்டி. அத்தை அழுகைக்கு நடுவே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம்புள்ள வந்து மொகத்தப் பாக்காம அவுகள எடுக்கக் கூடாது. அவன் கையாலதான் கொள்ளி வைக்கணும்."

பெட்டி வந்தது. முன்கூடத்தில் பிளக் செருகுகிற இடம் அந்தச் சன்னலடியில்தான் என்பதால் பெட்டியையும் அங்கேயே வைத்தார்கள். கொண்டுவந்தவன் "பிளக்க மட்டும் யாரும் தொடாதிய" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். நான் தலையாட்டினேன். கூட்டத்தில் மற்ற யாரையும்விட நான்தான் பலமாகத் தலையாட்டினேன்.

மத்தியானம் நெருங்க நெருங்க எனக்கு நிலைகொள்ளவில்லை. துஷ்டி வீட்டில் உட்கார்ந்துகொண்டு மணி பார்க்கிறவன் எவ்வளவு அற்பமானவன் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டே பார்த்தேன். கடைசியில் செல்வியிடம், "மாமா கேக்கணும்னு சொன்னாகல்லா" என்று இழுத்தேன். அவள் பார்த்த பார்வையில் நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் அத்தையின் காதில் அது விழுந்துவிட்டது.

"போடுங்க மாப்ள. கேட்டுட்டுப் போட்டும்" என்றார்.

மாமாவின் ரேடியோவை அதன் இடத்தில் வைத்துத் திருகினேன். கர்ர். காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது (இயற்பியல் முதுகலை அல்லவா). பெட்டியின் மோட்டார். உரை பத்தே நிமிடம், பெட்டி கனமான பெட்டி, பத்து நிமிடத்தில் குளிர் எங்கேயும் போய்விடாது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான். குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

இரைச்சல் நின்றது. என் குரல் வந்தது. அந்த வீட்டில் அந்த நிலையம் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் எடுத்ததே இல்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். "நம்ம செல்வி மாப்பிள்ளையா பேசுதது? நல்லாத்தான் பேசுதாரு" என்று ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். மாமாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் பெருமைப்பட்டேன். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் பெருமைதான் அதிகமாக இருந்தது.

"தேவையில்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே உத்தமம்" என்றது ரேடியோவில் என் குரல். "ஆனால் எந்தச் சாதனங்களை ஒருபோதும் அணைக்கக் கூடாது என்பதை இனிப் பார்ப்போம்."

அத்தோடு வெட்டினார்கள். ஒரு மணிச் சத்தம். அடுத்து இந்தியில் செய்தி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டி, பிளக், மாமா எல்லாமே மறந்துபோனது. போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அந்தத் தெருவில் செல்போனும் சரியாக எடுக்காது. வாய்க்கால் பாலம் வரைக்கும் போய், நிலையத்தில் எனக்குத் தெரிந்த அறிவிப்பாளரைப் பிடித்தேன்.

"பாதியில நிறுத்துனா என்னவே அர்த்தம்?"

"செய்தி நேரம் வந்துட்டா எங்க கையில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. விடுங்க, மத்தியானத்துல யாரு கேக்கா?"

"யாரு கேக்காவா? இங்கன ஒரு வீடே உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கு."

அதில் ஒருவர் உயிரோடு இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

பாலத்திலேயே மாமாவின் தம்பி, என் சின்ன மாமனார், என்னைப் பிடித்துக்கொண்டார். வாடகை நாற்காலி குறைகிறது, வாழை இலை வேண்டும், பாளையங்கோட்டையிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வர வேண்டும் என்று என்னை அலையவிட்டார். நானும் பொறுப்பான மருமகனாக அலைந்தேன். வழியெல்லாம் வெட்டுப்பட்ட மீதிப் பாதியை மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். அதற்குள் வந்தவர்கள் போட்ட மாலைகள் சன்னலடியில் குவிந்து பிளக்கை மூடிவிட்டன. கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் பெட்டியின் சத்தம் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்து நான் திரும்பி வந்தபோது செல்வி பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, கண்ணாடி சூடா இருக்கு."

மாலைகளை விலக்கிப் பிளக்கைத் தேடி எடுத்துச் செருகினேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது. நான் அணைக்காமல் விட்டுப்போய், ஒலிபரப்பு முடிந்து உஸ்ஸென்று கிடந்த ரேடியோ அந்த நொடியில் சன்னலில் இருந்து கர்ரென்று கத்தியது. கூட்டம் முழுக்கத் திரும்பி, பிளக்கைப் பிடித்தபடி மண்டிபோட்டிருந்த என்னைப் பார்த்தது. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சின்ன மாமனார் மூடியைத் தூக்கிப் பார்த்து, உடனே மூடினார்.

"இனி காலம்பற வரைக்கும் தாங்காது. இருட்டுததுக்கு முன்ன எடுத்துருவோம்."

அத்தை என்னை வையவில்லை. வைதிருந்தால் நான் அன்றைக்குக் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

கணேசன் அப்போது மஸ்கட் விமான நிலையத்தில் காத்திருந்தான். முகத்தையாவது காட்டுவோம் என்று வீடியோவில் கூப்பிட்டோம். என் போன்தான் கூட்டத்தில் நல்ல போன் என்பதால் பிடிக்கிற வேலை எனக்கே வந்தது. மூடியைத் திறந்து போனை நீட்டினேன். இரண்டு கோடு காட்டிய சிக்னல் ஒன்றானது. படம் மாலையில் இருந்த ஒரு சம்பங்கிப் பூவோடு நின்றுவிட்டது. முகம் வரவே இல்லை.

"அத்தான், கொஞ்சம் மேல... அப்பா மொகம்... தெரிய..." என்று குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. நான் போனைத் தூக்கினேன், சாய்த்தேன், மாமா ரேடியோவைத் திருப்புகிற மாதிரி ஆற்றுப் பக்கம் திருப்பினேன். பூ அப்படியே நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

சின்ன மாமனாரின் மகன் கொள்ளி வைத்தான்.

கணேசன் மறுநாள் காலையில் பயணப் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினான். வெறும் கூடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வேட்டி மாற்றினான். சாம்பல் கரைக்கிற காடாத்துச் சடங்கை அவன்தான் செய்தான். ஆற்றில் முங்கி எழுந்து படித்துறையில் ஈரத்தோடு உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்பதற்காக நான் இரவெல்லாம் வார்த்தை அடுக்கி வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"ரேடியோவுல பேசுனியளாமே. நல்லா இருந்துச்சா அத்தான்?"

"எங்க, பாதியில நிறுத்திட்டான்" என்றேன்.

சத்தியமாக அது தானாக வாயில் வந்தது. அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க அது அழுகையாக மாறியது. அதற்குப் பிறகுதான் நானும் அழுதேன். மன்னிப்பு அந்தப் படித்துறையில் கேட்கப்படாமலே போனது.

இப்போதெல்லாம் சொந்தத்தில் எந்தத் துஷ்டி வீட்டுக்கு நான் போனாலும் யாராவது ஓர் ஆள் எழுந்து போய்ப் பிளக் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைச் செல்வி டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். இதெல்லாம் பழகிவிட்டது.

மாமாவின் முதல் வருடத் திதிக்கு கணேசன் விடுமுறையில் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து எல்லாரும் முன்கூடத்தில் இருக்கும்போது எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான். விளக்கை நிறுத்தினான். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சியையும் நிறுத்திவிட்டு வந்தான்.

"எல்லாத்தையும் அணைச்சாச்சு அத்தான். எதை அணைக்கக் கூடாதுன்னு அந்த மீதிப் பேச்சை இப்பம் பேசுங்க. அப்பா பாதிதானே கேட்டாக."

கூடமே சிரித்தது. நான் தப்பிக்கப் பார்த்தேன், விடவில்லை. அன்றிலிருந்து வருடா வருடம் இது நடக்கிறது. கணேசன் வர முடியாத வருடங்களில் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான் (படம் நின்றுவிடும், குரல் மட்டும் வரும்). நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த நேயர்களே" என்று ஆரம்பித்துவிடுகிறேன்.

அந்த முதல் வருடத்தில் அப்படி ஆரம்பித்தபோது கூடத்தின் நடுவில் நின்றிருந்தேன். அதுவரை சிரிக்காமல் இருந்த அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இங்கன நின்னா கேக்காது மாப்ள. சன்னல் பக்கம் போய்ப் பேசுங்க. அங்கனதான் அவுகளுக்கு எடுக்கும்."