கிள்ளைச் சேற்றில் ஒரு ரஷ்யப் பறவை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தெட்டு வயது வரை "எனக்குத் தெரியாது" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது வழி கேட்டால் கை நீட்டிச் சொல்லிவிடுவேன் (அந்த ஊருக்கே நான் முதல் தடவையாகப் போயிருப்பேன்). மிக்சி நின்றுபோனால் திறந்து பார்ப்பேன் (அதற்கப்புறம் வீட்டில் புது மிக்சி வாங்குவார்கள்). இந்த வியாதியைக் குணப்படுத்தியது ஒரு கோழி.

அப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். ஜெனிபரும் அங்கேதான். இரண்டு வருஷம் பழகி, கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவுசெய்தோம். நான் குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவள் கடலூரில் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற வீடு. என் அப்பா, "அவுங்க வீட்ல சரின்னா எனக்கும் சரி" என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக, எல்லாம் ஜெனிபரின் அம்மா கையில் இருந்தது. "அப்பாவப் பத்திக் கவலையே படாத. அம்மா எது சொன்னாலும் ஆமென் சொல்ற ஆளு அவரு" என்றாள் ஜெனிபர்.

அம்மா பெயர் பிலோமினா. அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். அவர் பார்வை பட்டால் காய்ச்சல்காரன் தானே வாயைத் திறந்து தெர்மாமீட்டருக்குக் காத்திருப்பான். முதல் தடவை வீட்டுக்குப் போனபோது மதம், சாதி, சம்பளம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் காபியை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பறவை பாப்பீங்களா தம்பி?"

"சின்ன வயசுலேர்ந்தே ஆன்ட்டி! எங்க ஊரே கொள்ளிடக் கரைதானே."

எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, மைனா, கொக்கு. கொக்கில் கூட வெள்ளை எல்லாம் ஒரே கொக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம காலையில பூசை முடிச்சுட்டுக் கிள்ளைப் பக்கம் போறேன். வாங்க" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற ஜெனிபர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசி. வடக்கே குளிர் தொடங்குமுன் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்து நம் கழிமுகச் சேற்றில் இறங்குகிற காலம். அந்த ஒரு வாரமும் நான் லேபில் டெஸ்ட் செய்தேனோ இல்லையோ, உள்ளான் என்கிற குட்டிக் கரைப்பறவையின் வகைகளை மனப்பாடம் செய்தேன். ஜெனிபர் ஒரு ரகசியமும் சொல்லிக்கொடுத்தாள். சில பறவைகளின் காலில் ஆராய்ச்சிக்காரர்கள் கலர் கலராகச் சின்னக் கொடி மாட்டிவிடுவார்களாம். எந்த நாட்டில் மாட்டியது என்று கலரை வைத்தே கண்டுபிடித்துவிடலாமாம். "அம்மா பதினாறு வருஷமாப் பாக்குறாங்க. இன்னும் ஒரு கொடி கூட அவுங்க கண்ணுல படல. அதுல ஒரு ஏக்கம் அவுங்களுக்கு" என்றாள்.

போதாதா எனக்கு? கொடியோடு ஒரு பறவையைக் கண்டுபிடித்து மாமியார் காலடியில் சமர்ப்பிப்பது, பதிலுக்குப் பெண்ணைக் கேட்பது என்று திட்டம் போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு உப்பங்கழிக் கரை. தண்ணீர் வற்றி, சேறு பளபளவென்று கிடந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் பறவைகள் தையல் மிஷின் ஊசி போலக் குத்திக் குத்தி மேய்ந்துகொண்டிருந்தன.

"கொசு உள்ளான்" என்றேன் உடனே. சரியாகத்தான் சொன்னேன். அதுதான் வினையாகப் போயிற்று. ஒன்று சரியானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிலோமினா அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன் தம்பி. பறவையக் கெளப்பி மட்டும் உட்றக் கூடாது. அவ்ளோ தூரம் பட்டினியாப் பறந்து வந்து, இப்பதான் எறங்கி ரெண்டு வாய் சாப்பிடுதுங்க. சாப்பிடுறப்ப எழுப்புனா எனக்குக் கெட்ட கோவம் வரும்." பிறகு பைனாகுலரைக் கண்ணில் வைத்து உதடு அசைய எண்ண ஆரம்பித்தார்.

நான் எதிர்ப்பக்கம் திரும்பினேன். தூரத்தில், கழியின் வளைவில், தனியாக ஒன்று நின்றது. நீளக் கால், நீளக் கழுத்து. உடம்பெல்லாம் சேற்று நிறம். அலகு நீளமாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. பெரிய கோட்டான்! (ஆந்தை இல்லை. வளைந்த அலகுள்ள ஒரு கரைப்பறவைக்கும் அந்தப் பெயர்தான். எனக்கே அந்த வாரம்தான் தெரியும்.) அது ஒரு காலைத் தூக்கியது. காலில் ஆரஞ்சும் நீலமும் படபடத்தன.

கொடி!

"ஆன்ட்டி! கொடி! ரெண்டு கலரு! ரஷ்யா, ஆன்ட்டி, ரஷ்யா!" என்று அடக்க முடியாமல் கிசுகிசுத்தேன்.

"இருநூத்திப் பன்னெண்டு... அட என்னாப்பா நீ!" எண்ணிக்கை போய்விட்டது. அவர் திரும்புவதற்குள் நான் பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டேன். கிட்டே போய்ப் போட்டோ எடுத்தால்தானே கொடியில் இருக்கும் எழுத்து தெரியும்!

பத்தடி போனதும் பின்னாலிருந்து அவர் குரல். "தம்பி, நில்லு! அது வந்து..."

நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி, உதட்டில் விரல் வைத்து, என் வருங்கால மாமியாரை "ஷ்ஷ்ஷ்!" என்றேன். அரசு மருத்துவமனையே நடுங்குகிற அம்மாவை! இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் முன்னேறினேன். முழங்கால் வரை சேறு, பிறகு தொடை வரை. செருப்பு இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. பறவையிடம் நெருங்க இன்னும் பதினைந்தடி இருக்கும்போது இடுப்பு வரை இறங்கி, அசைய முடியாமல் நின்றுவிட்டேன். காலை இழுத்தால் இன்னும் கீழே போனேன். கத்தலாம் என்று பார்த்தேன். கத்தினால் அத்தனை உள்ளானும் கிளம்பிவிடும். அதனால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, போனை நனையாமல் பிடித்துக்கொண்டு, மூச்சுக் கூட மெதுவாக விட்டபடி பத்து நிமிஷம் அப்படியே நின்றேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய கோட்டான் தன் வளைந்த அலகை உறிஞ்சி விழுங்கியது. அது அலகு இல்லை, இவ்வளவு நேரமும் விழுங்க முடியாமல் அலகில் தொங்கிய நெட்டைப் புழு. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்து, "கொக்... கொக்... கொக்" என்றது.

"ஏய்! யார்ரா அவன், எங்கூட்டுக் கோழியப் புடிக்கிறவன்!"

கரையில் ஒரு அம்மா, கையில் விளக்குமாறு. பெயர் அஞ்சலை என்று பிற்பாடு தெரிந்தது. அவருடைய சத்தத்தில் கிள்ளையில் இருந்த அத்தனை உள்ளானும் ஒரே வீச்சில் எழும்பி வானத்துக்குப் போயின.

"பட்டப் பகல்ல சேத்துல எறங்கித் திருடுறான் பாரு! தெருவுல ஆளாளுக்குக் கோழி வச்சிருக்காங்களே, மாறிடக் கூடாதேன்னுதான் சீலையக் கிழிச்சு ரெண்டு கலருல கால்ல கட்டி வுட்டுருக்கேன். போன மாசம் ரெண்டு காணாமப் போச்சு. இவந்தான்! வாங்கய்யா, புடிங்க!"

சண்டைக்கோழி ரகத்து வெடை, அதாவது இளம் பெட்டைக்கோழி அது. கழுத்து, கால் எல்லாமே நெட்டை. சேற்றில் நண்டும் புழுவும் பொறுக்கிப் பழகியதாம். எங்கள் ஊரிலும்தான் கோழிக் காலில் துணி கட்டுவார்கள். எங்கள் வீட்டிலேயே பச்சைத் துணி. எனக்கு எங்கே போயிற்று புத்தி?

வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் கயிற்றோடு ஓடிவந்தார்கள். அக்குளில் கயிறு மாட்டி இழுத்தார்கள். கரையில் விழுந்தபோது என் உடம்பில் கண்ணைத் தவிர மீதியெல்லாம் சேறு. போனும் உள்ளே போயிருந்தது. விளக்குமாறு என் மூக்கிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் நின்றது.

"நீ யாரு? யாரு கூட வந்த?"

நான் பிலோமினா அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், பறவை இல்லாத வானத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை. "யாரோ, எனக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தை போதும், என் கதையும் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. சொன்னால் கூட நியாயம்தான் என்று எனக்கே பட்டது.

"வுடும்மா" என்றார். "திருடன் இல்ல. எங்கூட்டு மருமவன். கொஞ்சம் அவசரக்காரன்."

விளக்குமாறு இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது (சேறு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை).

ஆனால் திரும்பும் வழியில் டீக்கடையில் அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே சொன்னார்: "அங்க சொன்னது அந்தம்மாவுக்காகச் சொன்னது. முடிவு அப்பறம் சொல்றேன்." மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. என் எடை நாலு கிலோ குறைந்தது. நாலாவது வாரம் புதுப் போனில் அவரே அழைத்தார். "ஞாயித்துக்கெழம அம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டு சாப்பிட வா. வர்ற வழியில ஒரு கோழி வாங்கிட்டு வந்துடு. கால்ல கொடி இல்லாததாப் பாத்து வாங்கு."

கல்யாணமாகி ஏழு வருஷமாகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு வைத்தால் மாமனார் கரண்டியை உயர்த்தி, "இது ரஷ்யாவா, லோக்கலா மாப்ள?" என்று கேட்காமல் சாப்பிட ஆரம்பிப்பதில்லை. (அதற்கு மட்டும் அவர் பிலோமினா அத்தையிடம் அனுமதி கேட்பதில்லை.)

அன்றைக்கே ஏன் தடுக்கவில்லை என்று ஒரு தடவை அத்தையிடம் கேட்டேன். "நீதானே வாய மூடச் சொன்ன!" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பழைய நோட்டை எடுத்து வந்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் காட்டினார். டீக்கடையில் என் முன்னால் உட்கார்ந்து எழுதிய பக்கம்தான். பாவி மனுஷி, அப்புறமும் என்னை மூன்று வாரம் வாட்டி எடுத்திருக்கிறார்!

"கொசு உள்ளான் - 212 (முடிக்கவில்லை, மாப்பிள்ளை இடையில் பேசிவிட்டார்). கோழி - 1. மாப்பிள்ளை இடுப்பு வரை சேற்றில் மாட்டியும் பறவைகள் கிளம்பிவிடுமென்று சத்தம் போடவில்லை."