மண்டையோட்டு டாக்டரும் ஆறு திருப்பும்

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஒருநாளும் நின்றுகொண்டு போகாத மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மற்றவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். எங்கள் பல் டாக்டர் மண்டையோட்டை வைப்பார். பக்கத்து சீட்டும் சேர்ந்து காலியாகிவிடும். இரண்டு ஊரிலும் அவருக்கு மண்டையோட்டு டாக்டர் என்றே பெயர்.

பிளாஸ்டிக் மண்டையோடுதான். முகத்து எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகளிலெல்லாம் சிவப்பு மை தீட்டியிருப்பார். டீக்கடையில்கூட, "மொகம் ஒத்த எலும்புன்னு நெனைக்காதீய. அம்புட்டும் தையல் போட்ட ஒட்டு" என்று ஆரம்பித்துவிடுவார். எதிரே வடை தின்பவர் பாதியில் எழுந்து போவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் மாட்டினேன். எனக்கு இருபத்து நாலு வயது. மேல் அண்ணம் குறுகல்; பல்லோடு பல் சேராது, மூக்கால் மூச்சு விட முடியாது.

"சின்னப் புள்ளைன்னா அண்ணத்த விரிக்கத் திருகாணி மட்டும் போதும் தம்பி. ஒங்களுக்கு நடுக்கோடு எறுகிப்போச்சு" என்று மதுரைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சர்ஜன் எலும்பை வெட்டித் தளர்த்த, இவர் அண்ணத்தில் திருகாணி மாட்டினார். சாவியால் காலையில் ஒரு திருப்பு, மாலையில் ஒரு திருப்பு. முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தால் அண்ணம் பிரிகிறது என்று அர்த்தம். சந்து விழாமல் வேறெங்காவது வலித்தால் விசை தப்பான கோட்டுக்குப் போய்விட்டது, முகமே கோணிவிடலாம்.

திருப்பும் பொறுப்பு என்னைப் பெற்ற அய்யாவுக்கு. மில்லில் ஃபிட்டர். நான்காம் நாள் அவருக்கு டபுள் ஷிப்ட் வந்தது. மூன்று நாள் வீட்டுக்கு வர முடியாது. எந்த வேலையையும் முன்கூட்டியே முடித்துப் பழகியவர், ஆறு திருப்பையும் ஒரே மூச்சில் திருப்பிவிட்டுச் சாவியைத் துடைத்து வைத்தார்.

"மூணு நாளைக்குக் கவலையில்லலே."

பத்து நிமிடத்தில் இரு கண்ணுக்கும் நடுவே, மூக்குத்தண்டு தொடங்கும் இடத்தில் வலி. பிறகு கன்ன எலும்பில். கண்ணாடியில் பார்த்தேன்; பல் நடுவே சந்து இல்லை. அய்யா ஷிப்டை விட்டுவிட்டு ஆட்டோவில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனார்.

"ஆறா? மெசினுன்னு நெனச்சீயளா அண்ணாச்சி? இது மொகம்!" என்று கத்திய டாக்டர், மண்டையோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மண்டையோட்டில் ஒரு கோட்டைப் பார்ப்பார், என் முகத்தில் அதே இடத்தை அமுக்குவார். "இங்க வலிக்கா? இங்க?" கடைசியில் நாலு திருப்பைப் பின்னால் எடுத்தார்.

"மூணு நாளு ஒருத்தரும் சாவியத் தொடக் கூடாது. எலும்பு அதுவா வழி பாத்துக்கிடட்டும்."

அந்த மூன்று நாளும் முதல் பஸ்ஸில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பல் தேய்க்கும் முன்பே டார்ச்சோடு வாசலில் நிற்பார். "சிரிங்க தம்பி." எனக்கு எங்கே சிரிப்பு வரும்? பல்லைக் காட்டுவேன். பெருமூச்சு விட்டுத் திரும்புவார். அய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை டார்ச் அடித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்பல் நடுவே ஓர் அரிசி நுழையும் சந்து. பல்லுக்கு நடுவே ஓட்டை விழுந்ததற்கு எங்கள் வீடே கைதட்டியது.

"டாக்டரய்யா, இதுமாதிரி எம்புட்டு பேருக்குப் பாத்திருக்கீய?" என்று கேட்டார் அய்யா.

"ஒங்க மகன்தான் மொதல்" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முன்னாலயே சொல்லியிருந்தா வந்திருப்பீயளா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைக் கட்டிக்கொண்டவள் கோபித்தாலும் சொல்கிறேன்: இந்த முகத்தை அவ்வளவு கவலையோடு பார்த்தவர் அவருக்கு அப்புறம் யாருமில்லை.