சம்பந்தி பார்க்க வந்த பெட்டி

"கறுத்துப்போச்சுன்னா தேய்க்கணும். இதுக்கெல்லாம் ஆலோசனை எதுக்கு?" என்றார் பிச்சுமணி.

அவர் மடியில் ஹாம் ரேடியோ செட்டின் 'காயில்' கிடந்தது. வெள்ளி முலாம் பூசிய செப்புக் கம்பிச் சுருள். திருவனந்தபுரத்துக் கடற்காற்று அதை அடிபிடித்த இரும்புச்சட்டி மாதிரி ஆக்கியிருந்தது.

எஸ்.டி.டி. பூத் பக்கமே போகாமல், விடிந்தால் இந்தச் செட்டில்தான் அவர், பாலக்காட்டில் இதேபோல் செட் வைத்திருக்கும் வெங்கடேஸ்வரனோடு பேசுவார். பேசிப் பேசியே தம் மகள் விஷ்ணுப்ரியாவின் ஜாதகத்தை வெங்கடேஸ்வரனின் பிள்ளை ஜாதகத்தோடு பொருத்திவிட்டார். இன்று பெண் பார்க்க வருகிறார்கள். வெங்கடேஸ்வரன் முதலில் செட்டைத்தான் பார்ப்பார், அது அழுக்காக இருந்தால் சம்பந்தம் கோவிந்தா என்பது பிச்சுமணியின் தீர்மானம்.

"அப்பா, மெத்துனு ஒரு துணியில ஸ்பிரிட் தொட்டு லேசாத் துடைச்சாப் போறும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் விஷ்ணுப்ரியா.

"புஸ்தகம் எழுதினவன் ஆத்துல வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்ப்பாளோ? சுப்பு, ஒரு உருண்டை புளி கொண்டா!"

"ஏன்னா, அது சாம்பாருக்கு வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி சுப்புலக்ஷ்மி.

"சம்பந்தம் பெரிசா, சாம்பார் பெரிசா?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தார். அன்று அவர் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். தேங்காய் நாரும் புளியுமாகத் தேய்த்ததில் கறுப்பு போனது. கூடவே வெள்ளியும் போய்ச் செம்பு பல்லிளித்தது.

"ஐயோ, முலாம் போயிடுத்தேப்பா!"

"செம்புதான் கரண்டுக்கு உத்தமம்" என்றார் அசராமல்.

கை ருசி கண்டுவிட்டது. அடுத்து கண்டன்சர். பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் சுழலவேண்டிய நுட்பமான சமாசாரம். புளித்தண்ணீர் இடுக்கில் தங்கியது. ஈரத்தை எடுக்க விபூதியைக் கொட்டினார். கண்டன்சர் 'கரகர' என்று பாதியில் நின்றது. வழுக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் விட்டார். எல்லாம் குழைந்து களியாகிவிட்டது.

"புளி, விபூதி, எண்ணெய். இனிக் கடுகு தாளிச்சாப் போறும், கொழம்பு ஆயிடும்" என்றாள் சுப்புலக்ஷ்மி.

"பார்த்துண்டே இரு, எப்படிப் பேசறதுன்னு!"

வாசலில் ஆட்டோ நின்றது. வெங்கடேஸ்வரன் செருப்பைக் கழற்றும்போதே, "செட் எங்கே ஓய்?" என்றார். பின்னால் அவர் மனைவி சரோஜமும் பிள்ளையும் வந்தார்கள்.

காப்பி கொடுத்துவிட்டு விஷ்ணுப்ரியா ஒதுங்கி நின்றாள். பிச்சுமணி எல்லாவற்றையும் மாட்டி, கம்பீரமாக ஸ்விட்சைப் போட்டார்.

'படார்!'

மின்விசிறி நின்றது. செட்டிலிருந்து புகையோடு அப்பளம் பொரித்த வாசனை கிளம்பியது.

வெங்கடேஸ்வரன் மூடியைத் திறந்து பார்த்தார். "என்ன ஓய் பண்ணினீர்? டிரான்ஸ்ஃபார்மரே எரிஞ்சுபோயிடுத்து. இது இனிப் பேசாது."

பெண்ணின் வாழ்க்கையில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பிச்சுமணி தலையில் கைவைத்துக்கொண்டார். சுப்புலக்ஷ்மி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வந்ததிலிருந்து வாயே திறக்காத சரோஜம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நிஜமாவே பேசாதா?"

"பேசவே பேசாது" என்றார் வெங்கடேஸ்வரன் துக்கமாக.

சரோஜம் நேரே சுப்புலக்ஷ்மியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடிஞ்சா எங்காத்துல உங்காத்துக்காரர் குரல்தான், சம்பந்தியும் ஆயிட்டா ராத்திரியும் சேர்ந்துடுமேன்னு, 'வேண்டாம்'னு சொல்லிட்டுப் போகத்தான் ரயிலேறினேன் மாமி... இனி என்ன, நிச்சயத்துக்கு நாள் பாருங்கோ!"