வெள்ளிமலைக்கு ஏறிய இரண்டு ஜப்பான் கார்கள்

விதிமுறை தெரிந்தவனிடம் கல்யாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நானே சொல்கிறேன்.

நானும் மைத்துனன் குமரவேலும் ஆளுக்கொரு ஜப்பான் கார் வைத்திருந்தோம். (கம்பெனிப் பெயர் வேண்டாம். எழுதினால் வீட்டில் பழைய சண்டை புதுப்பிக்கப்படும்.) என் கம்பெனிக்காரன் எடையைக் குறைத்தே காரைப் பறக்கவிடுவான், மேட்டில் மிதித்ததும் இழுக்கும். குமரவேலின் கம்பெனி இன்ஜின் முதலில் சோம்பல் முறிக்கும். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டினால் பாடும். இரண்டையும் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். கைவைத்து மெருகேற்றினால் எது அதிகம் கொடுக்கும் என்பதில்தான் தகராறு. நான் ஏர் ஃபில்டரையும் டயரையும் மாற்றினேன். அவன் கோயம்புத்தூர் போய் இன்ஜின் கம்ப்யூட்டரையே திருத்தி எழுதிக்கொண்டு வந்தான்.

இந்நிலையில் என் மகளுக்கு வெள்ளிமலையில் நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். இரண்டு கார்களும் ஒரே மலைப்பாதையில் ஏறும் வாய்ப்பை விடுவேனா? யார் குறைவாகக் கியர் மாற்றி ஏறுகிறார்கள் என்று சோதனை வைத்தேன். (பந்தயம் அல்ல. பந்தயம் சட்டவிரோதம்.)

சோதனை என்றால் சுமை சமமாக இருக்க வேண்டும். மலையடிவாரத்துக் கச்சிராயப்பாளையத்தில் கரும்பு லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் இரண்டு கார்களையும் ஆட்களோடு ஏற்றினேன். என் கார் நூற்று முப்பது கிலோ ஜாஸ்தி.

"இன்னா மாமா, நிச்சயத்துக்குப் போறமா, கரும்பு ஏத்திக்கினு போறமா?" என்றான் குமரவேல்.

"நீ சும்மா இரு. அத்தை, நீங்க அந்த வண்டிக்கு மாறுங்க."

"ஏண்டா, என்னை இன்னா மூட்டைன்னு நெனச்சிக்கினியா?" என்று கேட்டபடியே அத்தை மாறினார்.

இப்போது அவன் கார் ஜாஸ்தி. அவன் டிக்கியிலிருந்த சீர்த்தட்டுகளை இறக்கி வைத்து மறுபடி நிறுத்தேன். பத்து கிலோ வித்தியாசம். தட்டுகளை என் காரில் ஏற்றினால் சமன். 'ஏற்றப்பட்டது' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்பினேன். எழுதியாகிவிட்டதால், ஏற்றவில்லை.

வெள்ளிமலையில் நான்தான் வென்றேன். மாப்பிள்ளையின் அப்பாவை நிறுத்தி வைத்து, என் கார் இழுத்த விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி டிக்கியைத் திறந்தாள்.

"ஏங்க, தட்டு எங்க?"

"ஏத்தியாச்சு. நோட்டுல இருக்கு பாரு."

"நோட்டுல வேட்டியும் மோதிரமும் இருக்குதா?"

மாப்பிள்ளையின் அப்பா வானத்தைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். மணி ஒன்பது. குமரவேல் காரைத் திருப்பினான். வேக வரம்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவன் இன்ஜினின் பாட்டு வளைவு வளைவாக இறங்கித் தேய்வதைத் தெருவில் நின்று கேட்டேன். பிறகு அதே பாட்டு ஏறி வந்தது. அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. மணி பத்து இருபது.

தட்டுகளில் ஒரு சீட்டு செருகியிருந்தது. எடை மேடைக்காரர் அவற்றையும் நிறுத்துப் பார்த்திருக்கிறார். பத்து கிலோ. என் கணக்கு சரிதான். அதை அன்று யாரும் பாராட்டவில்லை.

அடுத்த காரை நான் குமரவேலின் கம்பெனியில் வாங்கினேன். ஆனால் குடும்பம் விடுமா? பேரன் பிறந்த அன்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"மூணு கிலோங்க மாமா. எட போட்டோம், மறக்காம கையோட தூக்கிக்கினோங்க."