கண்ணாடி மேசையில் நூறு இறால்

பழவேற்காடு ஏரியைச் சுற்றி எத்தனை குப்பம் உண்டோ அத்தனையிலும் தேடினாலும், எங்கள் 'நூத்துக்கெத்தினி' அக்காவைப் போல இன்னொருத்தி அகப்படமாட்டாள். அகப்பட்டால் ஏரி தாங்காது.

பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பது அவள் தொழில். அந்த நேரம் மட்டும்தான் வாய் மூடியிருக்கும். மழை வரும் என்று யாராவது சொன்னால், "நூத்துக்கு எத்தினி வரும்?" என்பாள். கல்யாணத்துக்கு அழைத்தால், "எண்பது பர்சன்ட் வர்றேன், இருபது பர்சன்ட் முட்டி வலி." ஐஸ் தண்ணிக்கென்று நூற்றுக்குப் பத்து எடை கழிக்கும் வியாபாரிகளோடு மல்லுக்கட்டியே பழகிய கணக்கு அது.

நானோ பி.காம். என் அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் போட்டுக் காலம் தள்ளினோம். கத்திரி வெயிலில் பானையே சூடேறி இரண்டு குப்பி வீணாய்ப் போனது. "இந்த வாரமே ஃபிரிட்ஜ் வாங்கு, இல்லேன்னா அம்மாவை இங்கயே படுக்கவை" என்று டாக்டர் சத்தம் போட்டார். எப்படியோ இருபத்தோராயிரத்து முந்நூறு ரூபாய் தேற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் கிளம்பினேன். சந்தைக்கு இறால் வாளியோடு அதே பஸ்ஸில் வந்த அக்கா, கூப்பிடாமலே என் பின்னால் கடைக்குள் நுழைந்தாள்.

ஃபிரிட்ஜ் விலை இருபதாயிரம். தள்ளுபடி நூற்றுக்குப் பத்து, வரி நூற்றுக்குப் பதினெட்டு.

"பதினெட்டுல பத்து போனா எட்டு. இருபத்தோராயிரத்து அறுநூறு எடுங்க" என்றார் கடை முதலாளி. பி.காம். தலையாட்டியது. முந்நூறு ரூபாய் குறைகிறது. அவர் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரு நைனா" என்ற அக்கா, வாளியைக் கண்ணாடி மேசைமேல் அப்படியே கவிழ்த்தாள்.

நூறு இறால். எண்ணித்தான் பிடிப்பாள். அத்தனையும் உயிரோடு துள்ளின. ஒன்று கால்குலேட்டர் மேல் ஏறியது. ஒன்று முதலாளியின் சட்டைப் பைக்குள் குதித்தது.

"ஐயோ! இன்னாம்மா பண்றே?"

"கணக்கு பண்றேன். இது ஒன் ஃபிரிட்ஜு வெல, நூறு. தள்ளுபடி பத்து." பத்து இறாலைப் பொறுக்கி வாளியில் போட்டாள். "மீதி?"

"தொண்ணூறு! எடும்மா!"

"வரிய இருக்கிற எறாலுக்குப் போடுவியா, போன எறாலுக்கும் சேத்துப் போடுவியா?"

முதலாளி பைக்குள் குதித்த இறாலை எடுத்து வெளியே போட்டார். "சரி, வரிய மொத ஏத்திட்டு அப்பால தள்ளுபடி குடுக்கறேன்!" என்று மடக்கப் பார்த்தார்.

"குடேன். அப்போ வரியிலயும் பத்து பர்சன்ட் போவுமில்ல? ரெண்டும் ஒண்ணுதான்யா."

முதலாளி கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். இருபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது. மாற்றித் தட்டினார். அதேதான். கடையே கைதட்டியது.

சாயங்காலம் ஃபிரிட்ஜ் வீட்டில் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மேசையில் கிடந்த இறாலெல்லாம் செத்து நைந்துபோனதால், சந்தையில் யாருமே வாங்கவில்லை.

"அக்கா, ஒரு நாள் பொழப்பே போச்சே!"

"போவட்டும் வுடு. மருந்த உள்ள வெச்சியா?" என்றவள், கதவைத் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுனு கீது" என்று குழந்தை மாதிரி சிரித்தாள்.

இப்போது எங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு அவளுடையது. விற்காத இறாலை அங்கேதான் வைக்கிறாள். அம்மாவின் மருந்துகூட இறால் வாடை அடிக்கிறது. அடிக்கட்டும்.