மாடிப்படிக்கு அந்தப் பக்கம் வெளிநாடு

நாட்டை விட்டே போய்விடுவது என்று மன்னிப்பு சார் முடிவெடுத்ததற்குக் காரணம் ஒரு தையல் மெஷின்.

மன்னிப்பு சார் என்பது தெரு வைத்த பெயர். துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனியில் அவருக்கு வேலை, அதுவும் வீட்டிலிருந்தபடியே. மெஷின் சட்டையைக் கிழித்தாலும், தண்ணீரைக் கூடத்தில் திறந்துவிட்டாலும், வாங்கியவர்கள் திட்டி எழுதுவார்கள். அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, கம்பெனி சார்பில் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத வேண்டியது சாரின் பொறுப்பு. நாள் முழுக்க ஊராரிடம் மன்னிப்புக் கேட்கிறவர், கல்யாணமான நாளாக மனைவியிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆபீஸ் வேலையை வீட்டு விஷயத்தில் கலக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவர் எழுதுவது சாப்பாட்டு மேஜையில். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மனைவியின் தையல் மெஷின். அது கடகடவென்று ஓடும். அளவு கொடுக்க வருகிறவர்கள் ஊர்க்கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தச் சந்தைக்கடையில் உட்கார்ந்து எந்த மனுஷன் மன்னிப்புக் கேட்பான்?

அப்போதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. கடலோர நாடு ஒன்று, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களை இங்கே வந்து பாருங்கள் என்று வருந்தி அழைக்கிறதாம். ஒரு வருஷத்துக்கு விசா. எங்கிருந்தாலும் ஒழுங்காக வேலை செய்வார் என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம். படத்தில் ஒருவன் கடலைப் பார்த்தபடி லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தையல் மெஷின் இல்லை.

“நான் மட்டும் ஒரு வருஷம் வெளிநாட்டுல போய் உக்காந்து வேலை பார்க்கப் போறேன்” என்றார் சார்.

“எதுக்கு?”

“நிம்மதிக்கு.”

தையல் மெஷின் நின்றது. சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அழுதால் என்ன சொல்வது, கத்தினால் என்ன சொல்வது, இரண்டுக்கும் பதில் தயார்.

“போயிட்டு வாங்க.”

இதற்குப் பதில் தயாராக இல்லை.

“என்ன, இவ்வளவு சுலபமாச் சொல்லிட்டே?”

“போகாதீங்கன்னா நிக்கவா போறீங்க? ஒண்ணே ஒண்ணு. ஒரு வாரம் ஒத்திகை பாருங்க. மாடியறை சும்மாதானே கிடக்கு. அதுதான் உங்க வெளிநாடு. நீங்களே சமைச்சுக்கணும், நீங்களே துவைச்சுக்கணும். பேச்சுத் துணைக்கும் நீங்கதான். கீழே வரணும்னா விசா வேணும்.”

“விசாவா? யாரு குடுப்பா?”

“நான்தான்.”

“என் வீட்டுக்கு நான் வர்றதுக்கா?”

“உங்க வீடுதான் மேல இருக்கே!”

சார் ஒப்புக்கொண்டார். கம்பெனி மேனேஜரிடமும் கடிதம் கேட்டாகிவிட்டது. “இந்த வாரப் பதில்களைப் பார்த்துட்டுத் தர்றேன் சார். உங்க எழுத்துல ஒரு ஈரம் இருக்கு. வேற யாருக்கும் அது வர்றதில்ல” என்றார் மேனேஜர். சாருக்கு அப்போதே கடல் தெரிந்தது.

ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், லேப்டாப், சட்டைப்பையில் பாஸ்போர்ட். இந்தச் சீரோடு சார் மாடிப்படிக்கு வந்தால், கீழ்ப்படியில் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் விசிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மனைவி நியமித்த எல்லை அதிகாரி. பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவரிடம் யாரும் எதையும் எடுத்துக் காட்டியதில்லை. மனுஷன் ஏங்கிப் போயிருந்தார்.

“எடுங்க மாப்ளே.”

சார் ஜம்பமாக பாஸ்போர்ட்டை நீட்டினார். கண்டக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது செல்லாது. புதுப்பிச்சுட்டு வாங்க.”

“அடேயப்பா! நீங்க நாடகத்துல சேர்ந்திருக்கணும்” என்று சிரித்துக்கொண்டே சார் படியேறினார். பின்னால் இரண்டு விசில் கேட்டது.

மாடியில் நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. தன் வயிறு கூப்பிடுவது தனக்கே கேட்கும் அளவுக்கு நிம்மதி. சமைத்தது பாதி கருகியது, மீதி வேகவில்லை. அதையெல்லாம் சார் பொறுத்துக்கொண்டார். வேலையில்தான் இடித்தது.

ஒரு பெண் எழுதியிருந்தாள். காலமாகிவிட்ட அப்பாவின் சட்டையைத் துவைத்து வைத்துக்கொள்ளலாம் என்று போட்டாளாம். மெஷின் தோளோடு கிழித்துவிட்டதாம். ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தட்டினார் சார். அதற்கு மேல் ஒரு எழுத்து ஓடவில்லை.

எப்போதும் இப்படி ஒன்று வந்தால் அவர் சலித்துக்கொண்டே சத்தமாகப் படிப்பார். தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். ‘ஐயோ பாவம், மெஷினைப் பத்தி அப்புறம் எழுதுங்க, அவங்களுக்கு அடிகிடி பட்டுச்சான்னு முதல்ல கேளுங்க’ என்று ஏதாவது சொல்லும். சார் அதை எழுதிவிட்டு, நாம் நன்றாகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். இன்றும் பழக்கதோஷத்தில் திரும்பி, “என்னன்னு எழுதட்டும்?” என்றார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அந்த ஈரம் யாருடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேறு வழியில்லாமல் அந்த ஒரு வரியையே அனுப்பிவைத்தார்.

வாரம் பாதி போவதற்குள் மேனேஜர் போன் செய்தார்.

“சார், உங்க மன்னிப்பைப் பத்தியே புகார் வந்திருக்கு. அதுக்கு யாரு மன்னிப்புக் கேக்கறது?”

“அது வந்து... இடம் மாறினதுல...”

“இப்படியே போனா கடிதம் என்ன, வேலையையே யோசிக்க வேண்டியிருக்கும். அந்தச் சட்டைக்காரம்மாவுக்கு இன்னிக்கு நல்லபடியா ஒரு பதில் போகணும்.”

சார் விழுந்தடித்துக்கொண்டு பாதிப்படி வரை இறங்கினார். கீழே ஒரு விசில் வீறிட்டது.

“படியில நிக்காதீங்க மாப்ளே, உள்ளே போங்க!”

“எனக்கு அவளைப் பார்க்கணும்.”

“விசா?”

“அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்!”

“தங்கச்சி, ஒரு விண்ணப்பம் வந்திருக்கு!”

கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி வந்து நின்றாள்.

“எதுக்காக வர்றீங்க?”

“வேலை விஷயமா.”

“உங்களுக்கு இங்க வேலை இல்லையே. அடுத்த ஆள்!”

“அடுத்த ஆளு ஏது? நான் ஒருத்தன்தானே நிக்கறேன்!”

“சரி, எதுக்கு வர்றீங்க?”

“சாப்பாட்டுக்கு.”

“மேல அடுப்பு இருக்கே.”

சார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சட்டையின் கதையைச் சொன்னார்.

“நீ சொல்லிச் சொல்லித்தான் நான் எழுதியிருக்கேன். அது எனக்குத் தெரியாமலே போச்சு. மேல நிம்மதிக்குக் குறைச்சல் இல்ல, நீதான் இல்ல. என்னை மன்னிச்சுடும்மா.”

கம்பெனி சம்பளம் வாங்காமல் அவர் கேட்ட முதல் மன்னிப்பு அது. மனைவியின் கண் நிறைந்துவிட்டது.

“எனக்கு மட்டும் எப்படி இருந்துச்சுன்னு நினைக்கறீங்க? மேல நடக்கற சத்தம் கேக்குதா, கேக்குதான்னு மெஷினை நிறுத்தி நிறுத்தி, ஒரு தலையணை உறைகூட முடிக்கல. எழுந்து வாங்க.”

இருவரும் சேர்ந்து பதில் எழுதினார்கள். ‘அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு அனுப்புங்கள், தையல் தெரியாதபடி சரிசெய்து தருகிறோம்’ என்று அவள் சொல்ல, அவர் எழுதினார். அந்தப் பெண்ணிடமிருந்து நன்றி வந்தது. மேனேஜரிடமிருந்து கடிதமே வந்தது. சார் எங்கிருந்தும் வேலை செய்வாராம்.

சாருக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. கண்டக்டரும் காபிக்கு வந்திருந்தார். நாலு பேர் முன்னால் சொல்ல முடியாவிட்டாலும் இரண்டு பேர் முன்னால் சொல்லலாமே.

“பார்த்தியா? கடிதம் கையில இருக்கு. நினைச்சா இப்பவே கிளம்பலாம். உனக்காக ஒரு நாட்டையே வேண்டாம்னு விட்டேன்” என்று சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “கொண்டுபோய் பீரோவுல வை.”

அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“இது போன வருஷமே காலாவதி ஆயிடுச்சுங்க.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாப்ளே” என்றார் கண்டக்டர். “எந்த பாஸைக் குடுத்தாலும் முதல்ல தேதியைத்தான் பார்ப்பேன். தொழில் புத்தி.”

சாருக்குக் காபி புரையேறியது.

“அப்போ நீ... போயிட்டு வாங்கன்னு சொன்னியே?”

“சொன்னேன். போக முடியாதுன்னு சொல்லியிருந்தா ரோஷத்துல மறுநாளே புதுப்பிச்சுட்டுக் கிளம்பியிருப்பீங்க. அதான் மாடிக்கு அனுப்பினேன்.”

“இது காலாவதி ஆகப் போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே! ரெண்டு பேருமாப் போய்ப் புதுப்பிச்சுட்டு வரலாம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்! ‘நாம எங்கே போகப் போறோம்’னு சொன்னது யாரு?”

மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

“நான் மட்டும் போய் என்னோடதைப் புதுப்பிச்சுட்டு வந்துட்டேன். நீங்க இங்கேயே நிம்மதியா இருங்க. கடல் எப்படி இருக்குன்னு நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்.”